மழை லீவும் சுகிர்தபாயும்

மழைக்காலத்தில் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டால் எங்கள் சந்தில் பிள்ளைகள் துள்ளுவார்கள், தாய்மார் தலையில் கை வைப்பார்கள், சுகிர்தபாய் மட்டும் தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுவாள். எண்ணெய் போடுவது என் கற்பனை இல்லை. ஒரு தடவை தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயது நாற்பத்தேழு. ஒடிசலான உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய சத்தம். கேரளத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. எனக்கு பாறசாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீட்டுக்காரர் குவைத்தில். பிள்ளைகள் இரண்டு, ஒன்பது வயது தீபுவும் ஐந்து வயது மாளுவும். லீவு விட்டால் இந்த இரண்டையும் நான் எங்கே கொண்டு போய் வைப்பது? கலெக்டருக்கு என்ன, ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் செய்தி வந்த கால் மணி நேரத்துக்குள் அக்கா குடையும் கையுமாக வாசலில் வந்து நிற்பாள். என் பிள்ளைகள், எதிர் வீட்டு ஏழு வயது அஜிஷா, பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரியின் மகன் உண்ணி, நாலு பேரையும் கோழிக்குஞ்சுகளைப் போல ஓட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். சாயங்காலம் நாங்கள் வேலை முடிந்து போய்த் தட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். எங்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் உபகாரம் செய்கிறவளைக் கேலி செய்யாமல் இருக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. 'வார்டன்' என்று பெயர் வைத்தது நான்தான்.

வார்டனின் சட்டங்கள் அப்படி. ஒளிந்து விளையாடக் கூடாது. காகிதத்தில் கப்பல் செய்யக் கூடாது, கப்பல் செய்தால் தண்ணீரைத் தேடும். கழிப்பறைக்குப் போனால் உள்ளே பூட்டக் கூடாது, போகும்போதும் வரும்போதும் சத்தமாகப் பாட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தலையைத் தொட்டு எண்ணுவாள். நாலு தலையை எண்ண எவ்வளவு நேரம் வேண்டும்? அவள் இரண்டு தடவை எண்ணுவாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கல் வெட்டி விட்டுப்போன ஒரு பாறைக்குளம் உண்டு. மழை பெய்தால் மூன்று பனை ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதைப் போல ஒரு மழை நாளில் அக்காவின் ஒரே மகன் ஜெனில் அதில் விழுந்து இறந்தான். பதினொரு வயது. எல்லைக்கு அப்புறம், தமிழ்நாட்டுப் பக்கம், களியக்காவிளையைத் தாண்டி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் சிலர் அப்படி அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்புவது உண்டு. அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. இவன் மட்டும் போகவில்லை. அம்மா அண்டியாபீசுக்கு முந்திரி உடைக்கப் போனதும், யூனிபாரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வீட்டில் உடுத்தும் நிக்கரோடு குளத்துக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் காட்டிப் போனவன் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தீபு அடம் பிடிக்கும்போதெல்லாம், "கள்ளம் காட்டினா ஜெனிலுக்கு வந்த கதியாக்கும் வரும்" என்று சொல்லித்தான் அவனை பஸ் ஏற்றி இருக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் நேசையன் அண்ணன் அதை மன்னிக்கவே இல்லை. பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். காலை மூன்று மணிக்குக் கிளம்பி நெய்யாற்றின்கரை சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகனாவது படிக்கட்டும் என்று தூக்கத்தை விற்று உழைத்தவர். மகன் இறந்த பிறகு வீட்டில் அவன் படத்தை மாட்ட விடவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனால் பின்பக்கம் கல்லறைத் தோட்டத்துக்குள் காலே வைப்பதில்லை. "படிக்கதுக்கு அனுப்பினேன், அவன் என்ன ஏமாத்தினான்" என்பது அவர் வார்த்தை. அதற்கு மேல் அந்தப் பையனைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் எடவப்பாதி என்கிற ஜூன் மழை பிடித்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை, ரெட் அலர்ட். காலை ஆறரைக்கு லீவுச் செய்தி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் முழுவதும் கலெக்டரின் பேஸ்புக் பக்கத்தில் என் போனிலிருந்து, "சார், எங்க வீட்டு முன்னால ஆறு ஓடுது" என்று பொய் எழுதிக்கொண்டிருந்த தீபு, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி குதித்தான். அக்கா வந்தாள், ஓட்டிக்கொண்டு போனாள். நான் பஸ் பிடித்து பாறசாலைக்குப் போனேன். பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம், இன்றைக்கு வராது என்றார்கள். கரண்ட் இல்லாத ஜெராக்ஸ் கடையில் நான் எதற்கு? முதலாளி எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். பதினொன்றரைக்கு அக்காவின் கதவைத் தட்டினேன்.

"ஆரு?"

"நான்தான் அக்கா, பிந்து."

தாழ்ப்பாள் விலகியது. என்னை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, உடனே திரும்பி நாலு தலையையும் எண்ணினாள். நான் நுழைந்த நேரத்தில் ஒன்று நழுவியிருக்குமோ என்ற பயம்.

வீடு போர் முடிந்த இடம் மாதிரி இருந்தது. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பாண்டிக் கட்டம், அதன் மேல் சீட்டுக்கட்டு, அதன் மேல் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கில்கள், அதன் மேல் உண்ணி சிந்திய அவல். ஆறே முக்காலிலிருந்து அவள் எல்லா விளையாட்டையும் ஆடி முடித்திருந்தாள். கழுதை விளையாட்டில் ஒன்பது தடவை கழுதையாகி இருந்தாள். சண்டே ஸ்கூல் பாட்டுகளைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஸ்ரீகுமாரி அம்மன் அம்பலத்துக்குப் போய் நேர்ந்து பெற்ற உண்ணி இயேசு அப்பா பாட்டுக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். கரண்ட் போனதால் டிவி இல்லை, அவள் போனில் சார்ஜ் இல்லை. என் போனிலும் ஒரு கோடுதான் மிச்சம்.

"மணி எத்தன ஆச்சு பிந்து?"

"பன்னெண்டு ஆகப் போவுது."

"இன்னும் ஆறு மணிக்கூர் உண்டு" என்றாள். அவள் குரல் கரகரத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எனக்க கையில இருந்ததெல்லாம் தீந்தாச்சு பிள்ளே. கத தீந்தாச்சு, பாட்டு தீந்தாச்சு. இனி என்னத்த காட்டி இதுகள இருத்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிள்ளைகளை நான் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனால் இரண்டும் என் தலையில் ஏறும், இங்கே மரச்சீனிக் கிழங்கு அவியும் மணம் வருகிறது, ஈரச் சேலையோடு யார் நடப்பது? உட்கார்ந்துவிட்டேன். "நீங்க மரச்சீனிய பாருங்க அக்கா, இதுகள நான் பாக்கேன்" என்றேன். அவள் என்னை நம்பி அடுக்களைக்குள் போனாள். போகும்போது முன்கதவையும் பின்கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தீபு என் காதில் வந்து, "அம்மா, ஒரே ஒருக்கா ஒளிச்சுக் களிக்கட்டா?" என்றான். நாலும் என் முகத்தைப் பார்த்தன. மூன்று அறை வீடு, இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள். இதில் என்ன வந்துவிடும்? வார்டனின் சட்டத்தை மீறுவதில் எனக்கே ஒரு ஆசை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மாளு கண்ணைப் பொத்தி எண்ணினாள். தீபு கதவுக்குப் பின்னால், அஜிஷா பீரோவின் பக்கத்தில். இரண்டு பேரையும் கண்டுபிடித்தாள். உண்ணியைக் காணவில்லை. நாலு வயதுப் பிள்ளை எங்கே ஒளிவான்? கூப்பிட்டோம், வரவில்லை. நாங்கள் கூப்பிடுவது அடுக்களைக்குக் கேட்டுவிட்டது.

அக்கா வந்தாள். கையில் மரச்சீனி குத்திய கத்தி. "எண்ணிக்க எத்தன?" என்றாள். நான், "இஞ்சதான் எங்கயாவது..." என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. அடுக்களைப் பின்கதவு காற்றில் அசைந்துகொண்டிருந்தது. கஞ்சித் தண்ணீர் ஊற்ற அவளே ஒரு நொடி திறந்திருக்கிறாள், தாழ்ப்பாள் விழவில்லை. அந்தக் கதவைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் முன்னால் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம். கத்தியைப் போட்டுவிட்டு, செருப்பும் இல்லாமல், குடையும் இல்லாமல், அந்தக் கொட்டுகிற மழையில் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடினாள்.

உண்ணி கட்டிலுக்கு அடியில் தேங்காய்களுக்கு நடுவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒளிந்த இடத்திலேயே தூங்கிவிட்டான். அவனை இழுத்து இடுப்பில் வைத்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் தாளால் அவன் தலையை மூடிக்கொண்டு, மற்ற மூன்று பேரிடமும் "இருந்த எடத்த விட்டு அனங்கப்படாது" என்று சொல்லிவிட்டு நானும் ஓடினேன். கூப்பிட்டேன், மழையில் கேட்கவில்லை. தோட்டத்தில் இரண்டு தடவை வழுக்கினேன். மேலேறிப் பார்த்தபோது அவள் பாறைக்குளத்துக்குள் இறங்கி நின்றாள். முட்டளவு தண்ணீர். இன்னும் ஒரு எட்டு வைத்தால் ஆழம். ஒடிந்த ரப்பர்க் கொம்பு ஒன்றால் தண்ணீரைக் கிளறிக்கொண்டு, "மக்கா, மக்கா" என்று தண்ணீரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உண்ணி என்று கூப்பிடவில்லை.

"அக்கா! பிள்ள இஞ்ச இருக்கான்! நோக்குங்க!"

திரும்பினாள். ஏறி வந்து அவனைப் பிடுங்கி, பிளாஸ்டிக் தாளை விலக்கி அவன் தலையை மோந்து பார்த்தாள். உலர்ந்த தலை. அது உலர்ந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒரு அடி கொடுப்பாள் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"மத்ததுக எங்க?"

எனக்கு உயிர் போய்விட்டது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு அல்லவா வந்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ஓடினோம். அப்போது மழை விட்டுத் தோர ஆரம்பித்திருந்தது. சந்தில் பெரிய பையன்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு, "குளம் நிறைஞ்சாச்சு, காணப் போறோம், வாறியாலே" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். தீபு என் குடையை விரித்துக்கொண்டு ஒரு காலை முற்றத்தில் வைத்து நின்றான். அக்கா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவன் உதறினான். என் மகனுக்கு என் வாய்தான், என்ன செய்ய.

"என்ன விடுங்க மாமி. நீங்க போனியளே, நான் போனா என்ன? நான் ஒண்ணும் சாவ மாட்டேன். உங்க மோன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் காட்டிட்டு போனானாக்கும், அதான் தெய்வம் எடுத்துச்சு. எனக்குள்ளது கலெக்டர் விட்ட லீவு. எங்க அம்மதான் சொன்னா."

நான் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மண் விலகவில்லை. அவன் வாயைப் பொத்தப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். ஈரச் சேலையோடு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாண்டிக் கட்டத்தின் மேல் தண்ணீர் சொட்டி, கோடுகள் கலைந்தன.

"மக்கா, அவன் கள்ளம் காட்டல்ல."

"காட்டினான். எல்லாருக்கும் தெரியும்."

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்." மூச்சு வாங்கினாள். "அண்ணைக்கு அவன் காலத்தே எழும்பி, குளிச்சு, யூனிபாரம் போட்டு, பையையும் தோள்ல மாட்டியாச்சு. நான் டிவியில பாத்தேன். திருவனந்தபுரம் ஜில்லையில லீவுன்னு எழுதிக் காட்டினான். நான் சொன்னேன், எலே, இண்ணைக்கு லீவாக்கும், கழத்துன்னு. அவன் சொன்னான், அம்மா அது கேரளத்துக்கு உள்ளது, எனக்க பள்ளிக்கூடம் தமிழ்நாடாக்கும், எங்களுக்கு லீவு இல்ல, இண்ணைக்கு எனக்கு பரீட்ச உண்டுன்னு."

யாரும் அசையவில்லை. உண்ணிகூட.

"எனக்கு அண்டியாபீசுக்கு நேரமாச்சு. இந்தப் பிள்ள மழையில நனைஞ்சு போய்த் தீனம் வந்து கெடந்தா ஆரு லீவு போட்டு பாக்கதுன்னு எனக்குக் கோவம். மழ ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதானேலே, அவங்களும் லீவு விட்டுருப்பாங்க, கழத்திப் போட்டுட்டு கெடந்து ஒறங்குன்னு சத்தம் போட்டேன். அவன் அழுதிட்டே கழத்தினான். ஆணியில மாட்டினான். பைய கட்டிலுக்குக் கீழ தள்ளினது நானாக்கும், எடுத்துட்டு ஓடிருவான்னு."

"அக்கா, நீங்க இத..." என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பிறகு போலீசு வந்து கேட்டான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினியளான்னு. அவரு பக்கத்துல நிக்காரு. நான் தலைய ஆட்டினேன். ஒருக்கா ஆட்டினதுதான் பிந்து. பிறகு எடுக்க முடியல்ல. செத்த பிள்ளைக்க மேல கள்ளன்னு பேரு விழுந்து கெடக்கு, எனக்க வாய் தொறக்கல்ல."

மாளு மெதுவாக அவள் மடியில் கை வைத்தாள். "அண்ணனுக்குப் பிறகு பரீட்ச வச்சாங்களா மாமி?" என்று கேட்டாள்.

அக்கா மாளுவின் தலையைத் தொட்டாள். அஜிஷாவின் தலையை, உண்ணியின் தலையை, கடைசியில் தீபுவின் தலையை. தீபு குடையை மடக்கினான். தானே போய் முன்கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் எட்டாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் போட்டான். சந்தில் சைக்கிள் பையன்கள் இன்னொரு தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "நான் வரல்ல" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

அப்புறம் அன்று மத்தியானம் அந்த நாலும் எந்தச் சேட்டையும் செய்யவில்லை. மரச்சீனியைத் தின்றுவிட்டு ஈர்க்கில்களைத் தரையில் குவித்து, ஒன்று அசையாமல் ஒன்றை எடுக்கும் விளையாட்டை ஆடின. காலையிலிருந்து அக்கா எதற்காகத் தொண்டை கிழியப் பாடினாளோ அது தானாக நடந்தது. அவளுக்கு அதைப் பார்க்கும் தெம்பு இல்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். ஈரச் சேலையை மாற்றக்கூட இல்லை.

நான் பிள்ளைகளை அடுக்களைக்குக் கூப்பிட்டு, "மாமி சொன்னத ஆருகிட்டயும் சொல்லப்படாது, கேட்டியளா" என்று சொன்னேன். நாலும் தலையாட்டின. நாலு வயதிலும் ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் ரகசியம் வைக்கச் சொன்ன என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

நாலரைக்கு நேசையன் அண்ணன் வந்தார். வழக்கமாக ஆறு மணி ஆகும். நெய்யாற்றில் தண்ணீர் ஏறியதால் சந்தையை முன்னதாகவே மூடிவிட்டார்களாம். லீவு நாளில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரிந்து, எப்போதும் போல ஒரு பொட்டலம் பழம்பொரி வாங்கி வந்திருந்தார். சொந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லாத மனிதர் ஊரார் பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்குவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன், ஏன் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

பொட்டலத்தைப் பிரித்து முதலில் அஜிஷாவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, ஜெனில் அண்ணன் கள்ளம் காட்டல்ல. மாமிதான் லீவுன்னு சொல்லி யூனிபாரத்த கழத்த வச்சா" என்றாள். அவருக்குச் சந்தோஷமான சேதி சொல்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். அப்படித்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒன்பது வருடம் தப்பி ஓடியவள், அன்றைக்கு ஓடவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

"கழத்தச் சொன்னப்போ அவன் என்ன சொன்னான்?" என்றார் அவர்.

"எனக்கு லீவு இல்லன்னு சொன்னான். பரீட்ச உண்டுன்னு சொன்னான்."

"பிறகு?"

"அழுதான்."

அவர் பொட்டலத்தைத் தரையில் வைத்தார். கையில் இருந்த எண்ணெயைக் கைலியில் துடைத்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவைத் திறந்து வெளியே நடந்தார். மழை மறுபடி பிடித்திருந்தது. அக்கா வாசல்வரை போனாள்.

"மழையாக்கும், பொறத்த போவாண்டாம்" என்றாள். காலையிலிருந்து பிள்ளைகளிடம் சொன்ன அதே வார்த்தை. வேறு வார்த்தை அவளிடம் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கதவை அன்றைக்கு யாரும் சாத்தவில்லை. சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீகுமாரியும் அஜிஷாவின் அம்மாவும் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். நான் என் இரண்டையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் உண்டு.

தேவாலயத்தில் மணி அடிக்கும் கோயில்குட்டி கனகதாஸ் மறுநாள் சொல்லித்தான் அண்ணன் எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில், எது மகனுடையது என்று தெரியாமல் கனகதாசிடம் கேட்டாராம். காட்டிக்கொடுத்ததும் மழையில் குத்தவைத்து ஒன்பது வருடப் புல்லையும் கையால் பிடுங்கினாராம். குடை பிடிக்கப் போன கனகதாசிடம், "நீ போ, எனக்கு இவன்கிட்ட கொஞ்சம் சொல்ல உண்டு" என்றாராம். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையும் லீவு. அக்கா வரவில்லை. குடையும் கையுமாக அவள் நிற்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு ஏழு மணிவரை நின்றேன். கடையில் கரண்ட் வந்துவிட்டது என்று முதலாளி போன் செய்துவிட்டார். வேறு வழியில்லை. இரண்டு பிள்ளைகளையும் நானே அழைத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு நேசையன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். லோடு ஏற்றப் போகவில்லை. உள்ளே அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, அக்கா அங்கே இருந்தாள். இரண்டு பேரும் முந்தின நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூட அடையாள அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஓரம் மடங்கிய அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு பையன், யூனிபாரத்தோடு.

"பிந்து, இத பெரிசாக்கித் தருவியா? செவுருல மாட்டுத அளவுக்கு."

"தாறேன் அண்ணே" என்றேன். அட்டையை நனையாமல் பைக்குள் வைத்தேன்.

தீபு அவரைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தான். அவர் காலை நீட்டித் தடுத்தார்.

"எலே, உனக்க பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கமாக்கும் மாமா."

"இது உனக்குள்ள லீவுதானா? அம்ம சொன்னதா, நீ பாத்ததா?"

தீபு என்னைப் பார்த்தான். நான் போனை எடுத்து கலெக்டரின் அறிவிப்பைக் காட்டினேன். அவர் வாங்கி, எழுத்துக் கூட்டி, ஜில்லாவின் பெயரில் ஆரம்பித்துக் கடைசி வரிவரைக்கும் படித்தார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இண்ணைக்கு பரீட்ச ஒண்ணும் இல்லியே மக்கா?"

"இல்ல மாமா."

"அப்போ ஏறி வா" என்று காலை மடக்கிக்கொண்டார்.